நடராஜர் சடையில் ஊமத்தை, மதராஸில் ஒரு புகைக்குழாய்

சின்ன வயசில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனால் பெரியம்மா வீட்டில்தான் தங்குவோம். விடியற்காலை மூணு மணிக்கு அவருக்கு இருமல் தொடங்கும். பகலில் ஒண்ணும் இருக்காது. "பனி ஒத்துக்கலை" என்று சுக்குக் கஷாயம் குடிப்பார். அது ஆஸ்துமா என்று தெரியப் பல வருஷம் ஆனது.

அந்த நோய்க்கும் நடராஜருக்கும் ஒரு விசித்திரத் தொடர்பு உண்டு. நடராஜர் செப்புத் திருமேனிகளைக் கவனித்தால் சடையில் ஊமத்தம்பூ தெரியும். பித்தம் தலைக்கேற வைக்கும் செடி, பித்தனுக்கே உரியது!

1802 வாக்கில் மதராஸில் இருந்த ஜெனரல் ஜென்ட், ஊமத்தை வேரை இடித்துக் குழாயில் வைத்துப் புகைத்தால் இளைப்பு அடங்குகிறது என்று அறிந்தார். கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கும் இந்த வைத்தியம் தெரிந்திருந்தது. ஜென்ட் அதை எடின்பரோவில் டாக்டர் சிம்ஸிடம் கொண்டு சேர்த்தார். நம்மூர் ஊமத்தை அங்கே கிடைக்காததால் அதே இனத்து வேறொரு செடியைப் பயன்படுத்தினார்கள். பின்னால் 'ஆஸ்துமா சிகரெட்' என்றே கடைகளில் விற்றது. கேட்டால் சிரிப்பு வருகிறது, ஆனால் இருபதாம் நூற்றாண்டிலும் அது ஓடியது.

வேலை செய்தது அட்ரோபின் வகைச் சத்து. மூச்சுக்குழாயை இறுக்கும் நரம்புச் செய்தியை அது தடுக்கும். இன்றைய இப்ராட்ரோப்பியம் இன்ஹேலர் அதன் வம்சம்தான். அளவு தப்பினால் நாக்கு வறண்டு, கண்பாவை விரிந்து, பிதற்றல் வரும், உயிரும் போகும். தயவுசெய்து யாரும் வீட்டில் முயற்சி பண்ணாதீங்க.

இன்னொரு சிக்கல், புகை இறுக்கத்தைத் தளர்த்துமே தவிர உள்ளே இருக்கும் அழற்சியைத் தொடாது. அதற்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு 1970களில்தான் வந்தது. அழற்சியோ மூச்சு முட்டுவதற்கு ரொம்ப முன்னாடியே அடையாளம் காட்டிவிடும்: இரவிலும் விடியலிலும் மட்டும் வரும் இருமல், சளி பிடித்தால் வாரக்கணக்கில் விடாதது, மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுவது, ஓடி விளையாடிய பிள்ளை பாதியில் உட்கார்ந்துவிடுவது. வீசிங் சத்தம் எல்லாருக்கும் கேட்காது. வந்து வந்து போவதால்தான் ஏமாந்துபோகிறோம்.

பெரியம்மாவிடம் கடைசியில் ஒரு டாக்டர், "இருமல் எத்தனை மணிக்கு வருதும்மா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்டதில்லை.