சிறு கம்பெனிகளும் பங்குச் சந்தையும்

காஞ்சிரங்குளத்திலிருந்தும் பாறசாலையிலிருந்தும் பம்பாய்க்கும் டில்லிக்கும் பிழைப்பு நாடி வந்த நமக்குச் சிட்டி என்றால் என்ன என்று எவரும் விளக்க வேண்டுவதில்லை. தறி போடவும் கடை வைக்கவும் மகளை மணமுடித்துக் கொடுக்கவும் நம் பக்கத்து மக்கள் சிட்டியையே நம்பி வந்தனர். கொல்லம் ஆண்டு 1120-இல் திருவிதாங்கூர் அரசு அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றிற்று. சிட்டி நடத்துபவரின் வீடு எது என்பது ஊரார்க்குத் தெரியும். அதுவே அதன் பலம். தெரிந்தவர்களின் பணத்திற்கு அப்பால் அது செல்லாது. அதுவே அதன் எல்லை.

அறிமுகமில்லாதாரிடம் மூலதனம் திரட்டுவதற்குக் கம்பெனிப் பங்கு வேண்டும். ஆனால் பங்கை வாங்கியவர் அவசரத்திற்கு அதை எங்கே விற்பார்? சிறு கம்பெனிகளின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வருகிறது.

முதல் உலகப் போரை அடுத்த செழிப்பில், 1920-இல் சென்னையில் ஒரு பங்குச் சந்தை தோன்றிற்று. உறுப்பினர் ஏறத்தாழ நூறு பேர். செழிப்பு வடிந்தது, 1923-க்குள் எஞ்சியவர் மூவரே! சந்தை மூடப்பட்டது. நூற்பாலைகள் பெருகிய பின்னர், 1937-இல் அது மீண்டும் உயிர் பெற்றது. எனினும், பட்டியலில் இடம்பெறும் செலவைத் தாங்க வல்ல கம்பெனிகளுக்கே அது பயன்பட்டது எனலாம்.

சிறியவற்றிற்கென்றே 1990-இல் ஓ.டி.சி. பங்குச் சந்தை நிறுவப்பெற்று, 1992-இல் வணிகம் தொடங்கிற்று. கூச்சலிடும் தரகர் கூடமின்றி, கணிப்பொறி வழியே விற்பனை; கம்பெனியைப் பரிசீலித்துப் பொறுப்பேற்கும் ஒரு நிறுவனம்; வாங்கும் விலையும் விற்கும் விலையும் கூறி நிற்கும் இடைவணிகர். ஏற்பாட்டில் குறை காண்பது அரிது. ஆயினும் வாங்குவோர் வரவில்லை. 2015-இல் அதுவும் சென்னைச் சந்தையும் விடைபெற்றன.

இதனிடையே, 2012-இல் பம்பாய்ச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் சிறு கம்பெனிகளுக்குத் தனிப் பிரிவுகளைத் திறந்திருந்தன. தேசியச் சந்தையின் பிரிவில் முதலில் இடம்பெற்றது சென்னையைச் சேர்ந்த தேஜோ என்ஜினீயரிங் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கு இடைவணிகர் மூன்றாண்டுகள் விலை கூறியே தீரவேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறைந்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 2025-இல் அவ்வரம்பு இரண்டு லட்சத்திற்கு மேலாயிற்று. சிட்டி கட்டும் நம்மவர்க்கு இது கதவடைப்புத்தான். ஆனால் விற்க வழியற்ற பங்கில் சிறுசேமிப்பு முடங்குவதைக் கண்டவர்கள் அக்கதவைக் குறை கூறமாட்டார்கள்.

2012-இல் இருந்த விதிப்படி, மூலதனம் 10 கோடியைத் தாண்டிய கம்பெனி பெருஞ்சந்தைக்கு மாறலாம். 25 கோடியைத் தாண்டினால், 2025 வரை, மாறியே ஆகவேண்டியிருந்தது.