இரட்சணிய யாத்திரிகம்

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியம், வெளியீடு 1894. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த இவர், 1858இல் திருமுழுக்குப் பெற்றார். ‘கிறிஸ்தவக் கம்பர்’ எனப் போற்றப்படுகிறார்.

மூலம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதை. அதில் பாவச்சுமையோடு நடக்கும் பயணி சிலுவையடியை அடைந்ததும் மூட்டை முதுகிலிருந்து கழன்று உருண்டு, அருகிலுள்ள கல்லறைக்குள் மறைகிறது. அவன் மும்முறை துள்ளிக் குதித்துப் பாடியபடி நடக்கிறான். பின்னும் சிறையும் அடியும் சாவாறும் காத்திருக்கின்றன. ஆயினும் மீட்பின் மகிழ்ச்சி துன்பத்தில் அழியாது என்பதே கதையின் உயிர்நாடி.

கிருஷ்ணபிள்ளை இதனை ஐந்து பருவங்களாக விருத்தத்தில் விரித்து, இடையிடையே தேவாரங்களும் பாடினார். பக்தி மரபின் உருக்கம் கிறிஸ்துவை நோக்கிப் பொங்கும் இப்பாடல்களே காப்பியத்தின் பெருஞ்செல்வம்.