கம்பளிக்குள்ள தூங்கச் சொன்ன விலங்கியலாளர்

கம்பளிப் படுக்கையில் நல்லா தூக்கம் வரும்னு 1880-களிலேயே சொன்னவர், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர விலங்கியலாளர் குஸ்டாவ் யேகர். உடம்பு வெளியேற்றும் நச்சைப் பருத்தியும் லினனும் பிடித்துவைக்கும், கம்பளி வெளியே விட்டுவிடும். அதனால உடை, விரிப்பு, போர்வை எல்லாமே கம்பளியா இருக்கணும் என்றார். அவர் எழுத்தைப் படித்த லூயிஸ் டோமலின், 1884-ல் லண்டனில் யேகர் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். எழுத்தாளர் பெர்னார்ட் ஷாவும் யேகர் உடைக்கு மாறினார்.

அந்த நச்சுக் கதை தப்பு. ஆனா கம்பளி, தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீராவியை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரம் தெரியாது. வியர்வை போர்வைக்குள் தேங்காததால் புழுக்கம் குறையுது. கோடிங்ல பார்த்திருப்பீங்க: கமென்ட் தப்பா இருக்கும், புரோகிராம் சரியா ஓடும். இன்னைக்கு மெத்தை விளம்பரத்துல ‘நச்சு நீக்கும்’னு வந்தா, அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிட்டு மிச்சத்தைப் படிங்க.