பல் நாற்காலியில் மயக்கம்: ஒழுங்குமுறை வளர்ந்த வழியும் கடலூர் மாவட்டத்தின் தேவையும்

மயக்கவியல் பல்வலியில் பிறந்த துறை. 1844இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ், நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்தார். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதரின் ஆற்றலை உலகறியச் செய்த வில்லியம் மார்ட்டனும் பல் மருத்துவரே. மயக்கத்தைத் தந்த துறைக்கே மயக்கம் குறித்த கட்டுப்பாடு இன்னும் முழுமையாக வரவில்லை என்பதை இக்கட்டுரை காட்டுகிறது.

இந்தியாவில் முதலில் ஒழுங்குக்குள் வந்தவர் மருத்துவர். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. அடுத்து வந்தது மருந்து. அரைமயக்கம் தரும் டயசிபாம், மிடசோலம் ஆகியவை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழும், 2014 முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையின் கீழும் உள்ளன. கடைசியாக வந்தது இடம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களுக்கான சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. இடைப்பட்டவை 21 ஆண்டுகள்.

மருத்துவர், மருந்து, இடம் மூன்றும் சட்டத்துக்குள் வந்தன. மயக்கத்தின் ஆழம் வரவில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அரைமயக்கத்துக்கும் முழுமயக்கத்துக்கும் பல் மருத்துவர் தனித்தனி அனுமதி பெற வேண்டும். பிரிட்டனில் மரணங்கள் தந்த பாடத்தால், 2001 இறுதியோடு, மருத்துவமனைக்கு வெளியே பல் சிகிச்சைக்கு முழுமயக்கம் தருவது நிறுத்தப்பட்டது.

இந்த ஆழம் ஏன் முக்கியம்? முதலில், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசியையே பார்ப்போம். ஊசியைச் செலுத்தியதும் மருத்துவர் சிரிஞ்சின் தண்டைச் சற்றுப் பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார். வராவிட்டால்தான் மெல்ல மருந்தை ஏற்றுகிறார். பிறகு, “உதடு தடிச்ச மாதிரி இருக்கா?” என்று கேட்கிறார். 15 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 4.4 மி.கி. என்ற கணக்கில் லிக்னோகெயின் உச்ச அளவு 66 மி.கி.; 2% கரைசலில் அது 3.3 மி.லி. மட்டுமே. அதோடு அரைமயக்க மருந்தும் சேர்ந்தால் மூச்சு தளரலாம். மருத்துவர் வேலை செய்யும் வாயே குழந்தையின் மூச்சுப்பாதை. எனவே பல்லைப் பார்ப்பவரே மூச்சையும் கண்காணிப்பது போதாது. அதற்கென்றே இன்னொருவரும், பல்ஸ் ஆக்சிமீட்டர், ஆக்சிஜன், உறிஞ்சுகருவி, மயக்கத்தை முறிக்கும் மருந்து ஆகியவையும் அருகிலிருக்க வேண்டும்.

இங்கேதான் கடலூர் மாவட்டத்தின் சிதம்பரம் கவனம் பெறுகிறது. அதை ஒட்டிய அண்ணாமலைநகரில் 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி, 2021இல் மாநில சுகாதாரத் துறையின் கீழ் வந்தது. அருகிலேயே மருத்துவக் கல்லூரியும் மயக்கவியல் துறையும் உள்ளன. ஊர்ப்புறக் கிளினிக்குகளின் பல் மருத்துவர்களுக்கு மூச்சுப்பாதை மீட்புப் பயிற்சி தர இதைவிடப் பொருத்தமான இடம் இம்மாவட்டத்தில் இல்லை.

2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. புதிய விதிகள் எழுதப்படும் இக்காலமே ஏற்ற தருணம். மயக்கத்தின் ஆழத்துக்கேற்ற அனுமதி, கட்டாயப் பயிற்சி, ஒவ்வொரு மயக்கத்துக்கும் எழுத்துப் பதிவு ஆகிய மூன்றும் விதியாக வேண்டும். அதுவரை, குழந்தையை நாற்காலியில் அமர்த்தும் பெற்றோர் ஒரு கேள்வி கேட்கலாம்: “மயக்கம் கொடுத்த பிறகு இவள் மூச்சைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?”