வாக்குரிமை யாருக்கு வந்தது?



தலைமையாசிரியனாக இருந்த நாளிலும் வரலாற்று வகுப்பு எடுப்பதை நான் விட்டுவிடவில்லை. ஒருநாள் அமெரிக்கக் குடியரசின் முதல் அரை நூற்றாண்டைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "இக்காலத்தில் வாக்குரிமை மக்களிடையே பரவிற்று" என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "எந்த மக்களிடையே, ஐயா?" என்று கேட்டான். குறும்புக்காகக் கேட்டவன் அல்லன். "பொதுமக்களிடையே" என்று கூறிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். நான் சொன்னது விடையே அன்று என்பது எனக்கு அப்போதே தெரியும். அந்தக் கடனை இன்று தீர்க்க முயல்கிறேன்.

1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் வகுக்கப்பட்ட அரசியலமைப்பு, வாக்களிக்கத் தகுதியுடையோர் யாவர் என்பதைத் தான் முடிவு செய்யாமல் அந்தந்த மாநிலத்தின் பொறுப்பில் விட்டது. பெரும்பாலான மாநிலங்களில் நிலமோ பிற சொத்தோ உடைய ஆடவருக்கே வாக்கு இருந்தது. நியூ ஜெர்சி மாநிலம் சற்று வேறு வழியில் சென்றது. 50 பவுண்டு பெறுமான சொத்துடைய, வயது வந்த குடிகள் எவரும் வாக்களிக்கலாம் என்று அதன் 1776ஆம் ஆண்டு அமைப்புச் சட்டம் கூறிற்று. ஆண் என்றோ வெள்ளையர் என்றோ அதில் சொல் இல்லை. ஆகவே சொத்துடைய கைம்பெண்களும், மணமாகாத பெண்களும், அடிமைத் தளையற்ற கறுப்பினத்தார் சிலரும் அங்கே வாக்களித்தனர். மணமான பெண்ணின் சொத்து கணவனுடையதாகக் கருதப்பட்டமையால் அவளுக்கு மட்டும் இடமில்லை.

1807ஆம் ஆண்டில் அம்மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. வரிப் பட்டியலில் பெயர் இருந்தாலே ஒருவர் 50 பவுண்டு உடையவர் எனக் கொள்ளலாம் என்றது அச்சட்டம். ஏழைகளுக்கு நல்ல செய்தி. ஆனால் வாக்காளர் வெள்ளை நிற ஆடவராக இருத்தல் வேண்டும் என்பதும் அதே சட்டத்திலேயே இருந்தது. ஒரு கதவைத் திறந்த கையே மற்றொரு கதவைச் சாத்திற்று. நியூ யார்க் மாநிலத்தின் 1821ஆம் ஆண்டு அமைப்பும் இவ்வாறே. வெள்ளை ஆடவர் வரி செலுத்தினாலும், படைப்பயிற்சியில் சேர்ந்தாலும், சாலைப்பணி செய்தாலும் வாக்குப் பெறலாம். கறுப்பின ஆடவருக்கோ 250 டாலர் பெறுமான நிலம் வேண்டும். சொத்தின் இடத்தில் நிறம் வந்து அமர்ந்துகொண்டது. என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முதற்செய்தி இது.

இந்த மாறுதலுக்குப் பின்னால் பொருளாதாரம் நின்றது. ஈரி ஏரியையும் ஹட்சன் ஆற்றையும் இணைத்து, 363 மைல் நீளமுள்ள ஈரிக் கால்வாயை 1817 முதல் 1825 வரை வெட்டினர். பபலோவிலிருந்து நியூ யார்க் நகருக்கு ஒரு டன் சரக்கைக் கொண்டுசெல்ல முன்பு ஏறத்தாழ 100 டாலர் ஆயிற்று. கால்வாய் வந்தபின் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. மேற்கே காடு திருத்தியவனின் கோதுமைக்குச் சந்தை கிடைத்தது. எனவே மேற்கே செல்வோர் பெருகினர். சென்றவர்களுக்கு நிலம் வேண்டும்.

தெற்கே நிலவேட்கை இன்னும் கடுமையாயிற்று. அங்கே விளைந்த குறும்பஞ்சுப் பருத்தியில் விதை பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் நாள் முழுவதும் கையால் பிரித்தாலும் ஒரு ராத்தல் பஞ்சு தேறுவது அரிது. 1793ஆம் ஆண்டில் எலை விட்னி அமைத்த பொறியில், கம்பிப் பற்கள் பதித்த உருளை பஞ்சை மட்டும் குறுகிய இடுக்குகளின் வழியே இழுத்துக்கொள்ளும். விதை அப்பால் நின்றுவிடும். ஐம்பது பேர் வேலையை அது செய்தது. உழைப்பைக் குறைக்க வந்த பொறி அடிமைகளுக்கு ஓய்வு தந்ததா? இல்லை. பிரிப்பது எளிதானவுடன் பயிரிடுவது பெருகிற்று. 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகள் 1830இல் 20 இலட்சம் ஆயினர். வர்ஜீனியா போன்ற பழைய மாநிலங்களிலிருந்து, மனைவியையும் மக்களையும் பிரிந்து, அவர்கள் தெற்கே விற்கப்பட்டனர். அவர்கள் எடுத்த பஞ்சு வடக்கே லோவல் நகர ஆலைகளில் நூலாயிற்று. அங்கே நூற்ற உழவர் வீட்டுப் பெண்கள், கூலிக் குறைப்பை எதிர்த்து 1834இல் வேலைநிறுத்தம் செய்ததையும் இங்கே நினைவு கூரலாம்.

1828ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு வருவோம். நான்காண்டுகளுக்கு முன் வாக்களித்தவர்களைப் போல் மும்மடங்கு பேர், அதாவது 11 இலட்சத்துக்கு மேற்பட்டோர், வாக்களித்தனர். வென்றவர் ஆண்ட்ரூ ஜாக்சன். பதினான்கு வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, தம் முயற்சியால் உயர்ந்தவர். பல அடிமைகளுக்கு உரிமையாளரும் அவரே. 1829 மார்ச் 4ஆம் நாள் அவர் பதவியேற்றபோது சேற்றுக் காலணிகளோடு மக்கள் வெள்ளை மாளிகைக்குள் புகுந்தனர். கண்ணாடிக் கிண்ணங்கள் உடைந்தன. கூட்டத்தை வெளியே இழுக்கப் பானத் தொட்டிகளைப் புல்வெளிக்குத் தூக்கிச் சென்றார்களாம். இக்காட்சியை நான் வகுப்பில் மிகுந்த சுவையோடு சொல்வது வழக்கம். அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை இரண்டே வரிகளில் முடித்துவிடுவேன். அது என் குறை.

ஜார்ஜியா மாநில எல்லைக்குள் செரோக்கி என்னும் பூர்வகுடியினர் வாழ்ந்தனர். அவர்களுள் செகோயா என்பவர் 1821இல் தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். நம் உயிர்மெய் எழுத்தைப்போல ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசையைக் குறிக்கும். 1827இல் அவர்கள் எழுதப்பட்ட அரசியலமைப்பு ஒன்றை ஏற்றனர். 1828இல் இருமொழிச் செய்தித்தாள் தொடங்கினர். அவர்களிலும் செல்வர் அடிமைகளை வைத்திருந்தனர். அவர்கள் அமைப்பும் கறுப்பினத்தாருக்கு வாக்கு அளிக்கவில்லை. இதை மறைத்தல் வரலாறு ஆகாது.

பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்றும் சட்டம் 1830இல் பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்ற வாக்கில் நிறைவேறிற்று. ஜாக்சன் கையொப்பமிட்டார். அதை எதிர்த்து விண்ணப்பம் அனுப்பியோருள் வாக்குரிமையற்ற வடபுலப் பெண்கள் பலர் இருந்தனர். 1832இல் உச்ச நீதிமன்றம், செரோக்கி நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ஜார்ஜியா அந்நிலத்தைத் தன் குடிமக்களுக்குக் குலுக்குச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டது! செரோக்கி மக்கள் அந்நிலத்தில் உழுதுகொண்டிருக்கும்போதே அது பிறர் பெயருக்கு மாறிற்று. வாக்குப் பெற்ற எளிய உழவனே சீட்டு எடுத்தவன் என்பதை எண்ணிப்பாருங்கள்.

1835இல் சிறு குழுவினர் சிலரிடம் அரசு ஓர் உடன்படிக்கையில் கையொப்பம் வாங்கிற்று. அதை மறுத்து 15,000க்கு மேற்பட்ட பெயர்களோடு விண்ணப்பம் சென்றது. பயனில்லை, செனட் சபை தேவைக்கு மேல் ஒரே வாக்கில் அதை ஏற்றது. 1838இல் படைவீரர் வந்தனர். ஏறத்தாழ 16,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டு மேற்கே அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது பலரும் கூறும் மதிப்பீடு. அவ்வழியைக் கண்ணீர்ப் பாதை என்பர்.

அந்த உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, காங்கிரஸ் வகை செய்யும்போது செரோக்கி மக்கள் பிரதிநிதிகள் சபைக்குத் தம்முடைய பேராளர் ஒருவரை அனுப்பலாம் என்று வாக்களிக்கிறது. 2019ஆம் ஆண்டில், 184 ஆண்டுகளுக்குப் பின், அவர்கள் அவ்விடத்துக்கு ஒருவரைப் பெயர் குறித்தனர்.