முள்ளும் மிதியும்

வடபழனியில் ஆற்காடு சாலையும் நூறடிச் சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்த சிக்னலை அப்பா டாக்ஸி ஓட்டிய காலத்தில் தினமும் கடந்திருக்கிறார். டீசல் அம்பாசடர். ஆர்பிஎம் மீட்டரெல்லாம் கிடையாது. கியர் மாற்றும் நேரத்தை இன்ஜின் சத்தம்தான் சொல்லும். "அழுத்தி மிதிச்சா புகைதான்டா வரும், ஓட்டம் வராது" என்பார். அந்த இன்ஜினின் அமைப்பே அப்படி என்பது பொறியியல் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

1897ல் ஆக்ஸ்பர்க்கில் நடந்த சோதனையில் ருடால்ஃப் டீசலின் எந்திரம் எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எந்திரங்களில் பெரும்பாலானவை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. பெட்ரோல் காரில் மிதியை அழுத்தினால் காற்றுக்குழாயில் ஒரு தகடு திறக்கும். தகடு பாதி மூடியிருக்கையில் காற்றை இழுக்கவே இன்ஜின் சக்தியைச் செலவழிக்கிறது. அக்கால டீசல்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் தகடு இல்லை. காற்று தடையில்லாமல் நுழையும். பம்ப் எவ்வளவு டீசலைத் தெளிக்கவேண்டும் என்பதை மட்டுமே கால் தீர்மானிக்கும். காற்றுக்கு மிஞ்சித் தெளித்தால் கரும்புகை.

எண்ணெய் விலை எகிறிய 1970களில் சிக்கனத்துக்காகப் பெட்ரோல் கார்களில் பொருத்தப்பட்ட வேக்யூம் கேஜ் இதனால்தான் டீசலுக்கு உதவாது. தகடு இல்லையென்றால் வெற்றிடம் ஏது, முள் எதைக் காட்டும்?

இங்கே 1978ல் பெட்ரோலியச் சிக்கனத்துக்கென்றே பி.சி.ஆர்.ஏ. உருவானது. 45-55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று அது தொடர்ந்து சொல்லிவந்தது. 1980 வாக்கில் 1489 சிசி டீசல் அம்பாசடர் வந்தது. டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டில் மலிவாக இருந்ததால் டாக்ஸிக்காரர்கள் அதற்கு மாறினார்கள். ஆனாலும் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் வீட்டுக்கு வந்தது. என் ஸ்கூல் ஃபீஸில் அதுவும் இருந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன் என் டீசல் காரில் ஓ.பி.டி. கருவியைச் செருகி, நொடிக்கு நொடி எரிபொருள் செலவை மொபைலில் பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் அப்பாவும் கூட வந்தார். கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது, "நியூட்ரல்ல போடுடா, சும்மா உருளும்" என்றார். கியரில் வைத்தபடியே காலை எடுத்தேன். திரையில் பூஜ்யம். நியூட்ரலுக்கு மாற்றியதும் எண் ஏறியது. கியரில் இருக்கும்போது சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் டீசல் நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் தன்னைச் சுழற்றிக்கொள்ளவாவது டீசல் வேண்டும். பழைய பம்ப்பிலும் கவர்னர் அதைத்தான் செய்தது என்று விளக்கினேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பாரம் முழுக்க பிரேக்கின் தலையில்தான் என்பதையும் சொன்னேன்.

"அப்போ அத்தனை வருஷமும் தப்பாவா ஓட்டினேன்?" என்றார். சொல்லியிருக்க வேண்டாமோ என்றிருந்தது.

திரும்பி வரும்போது வடபழனி சிக்னல் பச்சையில்தான் இருந்தது. நான் மிதித்தேன். "காலை எடு, இப்ப விழுந்துரும்" என்றார் அப்பா. எடுத்தேன். சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. பிரேக்கே தேவைப்படாமல் கோட்டருகே வண்டி ஊர்ந்து நின்றது. கடைசியாக ஊரத் தொடங்கும்வரை மொபைல் திரையில் பூஜ்யம்தான். அப்பா அதைப் பார்க்கவேயில்லை.