வட்டம் எண்கோணமான கதை

1990-ல் கோயம்புத்தூரில் பம்பு பாகங்களுக்கு வரைபடம் போட்டுத்தரும் ஒரு சிறிய ஆபீஸில் வேலை பார்த்தேன். டிராயிங் போர்டை ஓரங்கட்டிவிட்டு முதலாளி ஒரு கம்ப்யூட்டரும் ஆட்டோகேடும் வாங்கிப் போட்டார். படத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கச் சொன்னால், திரை அழிந்து ஒவ்வொரு கோடாக மீண்டும் வரும். அதற்குள் பக்கத்து பேக்கரியில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

எங்களுக்கு மட்டுமல்ல, அந்தக் காலத்தில் ஆட்டோகேடு வைத்திருந்த எல்லோருக்கும் இதே குறைதான். அதை உண்டாக்கிய ஆட்டோடெஸ்க், 1982-ல் கலிபோர்னியாவில் ஜான் வாக்கரும் சில புரோகிராமர் நண்பர்களும் சொந்தப் பணத்தைப் போட்டுத் தொடங்கிய சின்னக் கம்பெனி. அந்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் ஆட்டோகேடை முதலில் காட்டினார்கள். வாங்கியவர்கள் வேகம் கேட்டார்கள்.

ஏன் தாமதம்? படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தசம எண்ணாகச் சேமிக்கப்பட்டிருந்தது. அன்றைய கம்ப்யூட்டர் சிப்புக்கு முழு எண் கணக்குதான் கைவந்த கலை; தசமக் கணக்கைச் சுற்றிவளைத்துத்தான் போடும். முழு எண்ணிலேயே சேமித்திருந்தால் வேகம் கிடைத்திருக்கும். ஆனால் துல்லியம் போய்விடும். அதற்கு அவர்கள் இசையவில்லை.

வேறு வழி தேடினார்கள். ஒரு முறை கணக்குப் போட்டு, திரைக்கு வேண்டிய முழு எண்களைத் தனியாக வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வரைந்தால் 'ரீடிரா', சீக்கிரம் முடியும். எல்லாவற்றையும் முதலிலிருந்து கணக்கிட்டால் 'ரீஜென்', அதுதான் எங்கள் டீ நேரம். வட்டத்தைத் திரையில் சிறு சிறு நேர்கோடுகளாகக் காட்டினார்கள். எழுத்துகளை வெறும் கட்டமாகக் காட்டவும் ஒரு கட்டளை இருந்தது. 1987-ல் வந்த ஒன்பதாம் பதிப்பில் கணக்குக்கென்றே தனியான கோப்ராசஸர் சிப் கட்டாயம் என்றார்கள். அதற்குத் தனிச் செலவு. எங்கள் முதலாளியும் முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினார்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் ஒரு நாள், ஃபிளாஞ்சில் போல்ட் துளையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டத்துக்குப் பதில் எண்கோணம்! மறுநாள் காலை படம் ஃபவுண்டரிக்குப் போக வேண்டும். அழித்து வரைந்தேன், பெரிதாக்கினால் மறுபடி எண்கோணம். மூன்று முறை அப்படியே. வேலை போய்விடும் என்றே பயந்துவிட்டேன். ஆபீஸைப் பூட்ட வந்த சீனியர் டிராஃப்ட்ஸ்மேன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அழிக்காதீங்க. ரீஜென் குடுத்துப் பாருங்க."

கொடுத்தேன். துளை உருண்டையாக வந்து நின்றது.

"கண்ணுக்குத் தெரியறது எப்படி வேணா இருக்கட்டுங்க. உள்ள இருக்கிற அளவு மாறாது" என்றார்.

எங்கள் அவசரத்துக்காக அந்தக் கம்பெனி அளவிலேயே கைவைத்திருந்தால், திரை பளிச்சென்று ஓடியிருக்கும். ஆனால் போல்ட் துளைக்குள் போயிருக்காது. அவர்கள் குறைத்தது திரையில் தெரியும் அழகை மட்டும்தான். லேத்தில் நிற்பவர் எங்கள் திரையைப் பார்ப்பதில்லை. தாளில் உள்ள அளவைத்தான் நம்புகிறார்.

இன்று பேரன் கைபேசியில் படங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் சுழல்கின்றன. எனக்கு அந்த எண்கோணமும், ஆறிப்போன டீயும் நினைவுக்கு வருகின்றன.